மாசத்துக்கு எட்டு நாள்

அந்தப் பைய இங்கன குடுங்க அண்ணாச்சி, மடியில வச்சிக்கிடுதேன். நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா? சரியாப் போச்சு, ஒரு மணி நேரம் இருக்கு. நான் மதுரை போயி அங்கேருந்து இன்னொரு வண்டி மாறணும். மகளப் பாக்கப் போறேன். மக போலீசு. இன்னும் முழுசா இல்ல, ட்ரெய்னிங்கில இருக்கா. அது முடிஞ்சா போலீசு. ஆவுடைச்செல்வின்னு பேரு. எங்க அம்மா பேரு ஆவுடை, அதோட ஒரு செல்விய சேத்து வச்சது. அங்க செல்வின்னுதான் கூப்பிடுதாவளாம். எனக்கு ஆவுடைதான்.

அவ எப்படி போலீசு ஆனான்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்லுதேன். ஒரே காரணந்தான். ஒரு நாளு கூட ரெஸ்ட் கெடையாது. அஞ்சு மாசம். மழையா, ஓடு. கலியாண வீடா, ஓடிட்டு வந்து சாப்பிடு. அவ்வளவுதான் விசயம். இதக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம்.

நானா? மாவு மில்லு வச்சிருக்கேன். சங்கரபாண்டி மில்லுன்னா சங்கரன்கோவில் தாண்டி நாலு ஊருக்குத் தெரியும். மில்லுன்னா சும்மா இல்ல பாத்துக்கிடுங்க. மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடுச்சின்னா அரை மணி நேரம் ஆற விடணும். விடலைன்னா உள்ள சுத்தியிருக்க கம்பி, காயிலு, கருகி நாறிரும். மாவு திரிக்க வார பொம்பளைங்க கெடந்து கத்துவாளுவ, ‘அடுப்புல உலை கொதிக்கு, ஒரு படிதான, ஓட்டிக் குடுங்க’ன்னு. நான் அசைய மாட்டேன். மெஷினு வாயில்லாச் சீவன். நாமதான் பாத்து நடக்கணும்.

ஆங், ஓட்டத்தச் சொல்லிக்கிட்டிருந்தேன். மொதல்ல மூத்தவன் கணபதியத்தான் போலீசுக்குத் தயார் பண்ணுனேன். நாலு வருசம் ஆச்சு. காலையில நாலரைக்கு எழுப்பி விடுவேன். நான் டி.வி.எஸ்ஸில பின்னால வருவேன், அவன் முன்னால ஓடுவான். சாயங்காலம் மறுபடி. நல்ல ஓட்டம். ஊருல எல்லாரும் நின்னு பாப்பாங்க. பரிச்சைக்குப் பதினெட்டு நாளு இருக்கும்போது முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல, கீறல் விட்டுட்டு. திருநவேலி டாக்டரு படம் எடுத்துப் பாத்துட்டு, ‘ரெஸ்டே குடுக்காம ஓடியிருக்கான், எலும்பு எப்ப ஆறும்?’ன்னு என்னய மொறைக்காரு. அவரு வயித்தப் பாத்தா பஸ்ஸப் பிடிக்கக்கூட ஓடுன ஆளா தெரியல. அதுவா காரணம்? அவன் காலு அவங்க அம்மா வழிக் காலு. அந்த வீட்டுல எல்லாருக்குமே கணுக்கால் சின்னது. இப்ப திருப்பூருல பனியன் கம்பெனியில பீஸ் செக் பண்ணுதான். உக்காந்து பாக்குற வேலை. நல்லாத்தான் இருக்கான்.

பொறவு ஆவுடை. எழுத்துப் பரிச்ச பாஸ் பண்ணிட்டா. அடுத்தது ஓட்டம், நீளம் தாண்டுறது, குண்டு எறியிறது. இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிரும். தாண்டுனா எங்க அக்கா மகன், சிவகிரியில செங்கல் லாரி வச்சிருக்கான், அவனுக்குக் கட்டிக் குடுத்திரணும்னு பேச்சு. ஆவுடைக்கு அவன் வேண்டாம். எனக்கும் வேண்டாம்தான், ஆனா அக்காட்ட எந்த வாயால சொல்ல? மக போலீசுன்னு சொன்னா அக்காவே பேச்ச நிப்பாட்டிரும். அப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. புள்ள தலையெழுத்தே அந்தக் காலு ரெண்டுலயும் இருக்கு.

அந்த நேரம் பாத்து ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு வாராவ. ஆவுடை படிச்ச பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, நல்ல மனுசி. ஒரு காகிதத்துல கட்டம் போட்டு, எந்த நாளு என்ன ஓட்டம்னு எழுதிக் கொண்டாந்திருந்தாவ. பாத்தா வாரத்துல ரெண்டு கட்டம் காலியாக் கெடக்கு. கடைசி வாரம் ஏழு கட்டமும் காலி.

“இதுல ஒண்ணும் எழுதலையே டீச்சர்”ன்னேன்.

“அது ரெஸ்ட் அண்ணாச்சி. ஓடும்போது தசை நைஞ்சுதான் போகும். படுத்துக் கெடக்கும்போதுதான் அது கெட்டிப்படும். காலி கட்டமும் பயிற்சிதான்”ன்னாவ.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. படுத்துக் கெடந்தா கெட்டிப்படும்னா எங்க மச்சினன் சொரிமுத்து இந்நேரம் பயில்வானா இருக்கணும். என் வீட்டுக்காரி பூரணத்தோட தம்பி. காலையில எந்திரிச்சி சுடலைமாடன் கோயில் வேப்பமரத்தடிக்குப் போயி மறுபடியும் படுப்பான். வெள்ளிக்கெழம உச்சிக்கு மாடன் அருள் வந்து ஆடுவான், ஆடிட்டுப் படுப்பான். அவன் வேலை அதுதான். நான் காகிதத்த மடிச்சி டீச்சர் கையிலயே குடுத்துட்டேன். பூரணம் அத வாங்கி அடுக்களையில அஞ்சறைப் பெட்டிக்கு அடியில வச்சா. பொம்பளைங்க எதையும் தூரப் போட மாட்டாளுவல்லா.

ஆக, ரெஸ்ட் கெடையாதுன்னு முடிவாயிட்டு. ஆனா ஒண்ணு. ஊருக்குத் தெக்க ஒரு பொட்டல், அதுதான் எங்க கிரவுண்டு. அதுக்குப் போகணும்னா சுடலைமாடன் பீடத்தத் தாண்டித்தான் போகணும். நம்ம புள்ள பொம்பளப் புள்ளை. வீட்டு விலக்கு நாளுல மாடன் முன்னால போக முடியாது. அது ஊரு கட்டுப்பாடு, நான் என்ன செய்ய? அந்த நாளு மட்டும் பின்கட்டு அறையில தனியாக் கெடப்பா.

அதுல பாருங்க அண்ணாச்சி, எனக்கே அப்பதான் ஒரு விசயம் தெரிஞ்சிச்சி. ஓடுற பொம்பளப் புள்ளைகளுக்கு அது மாசத்துக்கு நாலு தடவ வரும்.

ஆமா, நாலு தடவ. சரியா செவ்வாக்கெழம காலையில வந்திரும், புதன் இருப்பா, வியாழக்கெழம வெள்ளனத்துல தலைக்கு ஊத்திட்டு கிரவுண்டுக்கு வந்து நின்னுருவா. அவ்வளவு ஒழுங்கான புள்ள. மத்த பொம்பளைங்களுக்கு மூணு நாளாம், இவளுக்கு ரெண்டே நாளு. ஓடுற உடம்புல்லா, வெரசா ஆறிரும். மூணாவது வாரமும் வந்தப்போ பூரணத்துட்ட சாடையாக் கேட்டேன், “என்னட்டி, மறுபடியுமா?”ன்னு. இதெல்லாம் ஆம்பள கேக்குற விசயமா? இருந்தாலும் பரிச்ச இருக்குல்லா, கேட்டேன்.

அவ அரிசி பொடைச்சிக்கிட்டே, “ஓட ஓட ரத்தம் சூடாவும். சூடானா வெரசா வரும். எனக்கு மாசம் ஒண்ணுன்னா நான் எங்க ஓடுதேன்?”ன்னா.

நாயமாத்தான இருக்கு? சக்கரம் வேகமாச் சுத்துனா மாவு வெரசா விழுகும். நான் ஒத்துக்கிட்டேன்.

அந்த ரெண்டு நாளும் புள்ளைய ராணி மாதிரி வச்சிருப்பா. ஏழு மணி வரைக்கும் தூங்குவா. உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி. ஒரு நாளு சன்னல் வழியாப் பாக்கேன், தரையில படுத்துக்கிட்டு ரெண்டு காலையும் செவுத்துல தூக்கி வச்சிருக்கா. என்னட்டி இதுன்னேன். வயித்து வலிக்கு அப்படி வைக்கணுமாம். பூரணம் அவ பாதத்துக்கு எண்ணெ போட்டு நீவி விடுதா. அதுவும் வயித்து வலிக்குத்தானாம். நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடுப்புல்லா.

நீங்க ஒண்ணு கேக்கலாம். அப்போ மாசத்துல எட்டு நாளு ஓடலையேன்னு. ஓடல. ஆனா அது ரெஸ்ட்டுல சேராது அண்ணாச்சி. அது விலக்கு. ரெஸ்ட்டுன்னா மனுசன் சோம்பேறித்தனத்துக்கு எடுக்கிறது.

இருந்தாலும் மனசுக்குள்ள அரிச்சிக்கிட்டே இருந்துச்சி. நாள்காட்டிய எடுத்துப் பாத்தா பரிச்சைக்கு ஒரு மாசந்தான். அதுல எட்டு நாளு போச்சின்னா என்ன மிஞ்சும்? ராவும் பகலும் யோசிச்சி ஒரு வழி கண்டுபிடிச்சேன். மாடன் பொட்டலுக்குத்தான போகக்கூடாது? வடக்க குளத்தங்கரை இருக்கு. அங்க சாமி கெடையாது, பூதம் கெடையாது. விலக்கு நாளுல அங்க ஓடட்டுமே!

செவ்வாக்கெழம நாலரைக்கு பின்கட்டு கதவத் தட்டுனேன். பூரணம் முகம் செத்துப்போச்சி. “விலக்குல இருக்க புள்ளங்க”ன்னா. “குளத்துக்கு விலக்கு கெடையாது”ன்னுட்டேன். ஆவுடை எந்திரிச்சி வந்து ஓடுனா. புதனும் ஓடுனா. ரெண்டு வாரம் ஒரு நாளு கூட எடை விடாம ஓட்டம். எனக்கு அப்பத்தான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சி.

ரெண்டாவது வாரம் கடைசியில ஒரு நாளு மடைக்கல்லுல உக்காந்துட்டா. “அப்பா, காலு வலிக்கு”ன்னா.

“எங்கட்டி?”

முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்பத் தொட்டுக் காட்டுனா. நான், “வலின்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம், எந்திரி”ன்னேன். எந்திரிச்சி ஓடத்தான் செஞ்சா. வீட்டுக்கு வந்ததும் பூரணம் அந்த எடத்த அமுக்கிப் பாத்தா. “அதே எடம்”ன்னா. சேலைய எடுத்துச் சொருகிக்கிட்டு விறுவிறுன்னு வெளிய போனா. பொறவு கேட்டா, தம்பிக்குக் காய்ச்சல், பாத்துட்டு வந்தேங்கா. புள்ளைக்குக் காலு வலிக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல்னு ஓடுதா. அவ பொறந்த வீட்டுப் பாசம் அப்படி.

மறுநா வெள்ளிக்கெழம. உச்சிப் பூசைக்குப் போயிருந்தேன். சொரிமுத்துவுக்குக் காய்ச்சல் எல்லாம் பறந்துபோயி நல்லாத் துள்ளிக்கிட்டு நிக்கான். மேளம் அடிச்சதும் மாடன் வந்துட்டாரு. வழக்கமா மழை வருமா, மாடு கெடைக்குமான்னுதான் சொல்லுவாரு. அன்னைக்கு நேரா எங்கிட்ட வாராரு.

“ஏலே சங்கரபாண்டி! குளத்தங்கரை எவன் எல்லைன்னு நெனச்சலே?”

எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. “சாமி, ஒம்ம எல்லை பொட்டலோட முடியுதுன்னு…”

“எவம்லே சொன்னான்? வடக்க குளம், தெக்க ரயில் தண்டவாளம், எல்லாம் என் எல்லைதாம்லே. விலக்குல இருக்க புள்ளைய என் எல்லையில ஓட விடுதியா?”

நான் விடல. கேட்டுத் தெளிவாக்கிக்கிடணும்லா. “பள்ளிக்கூடத்து கிரவுண்டு சாமி?”

“அதுவுந்தாம்லே.”

“பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால கொஞ்சம் எடம் இருக்கு…”

“சவம், அதுவுந்தாம்லே!”

மாடன் சவம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அவ்வளவு கோவம். பொறவு வேப்பங்கொலைய என் தலையில அடிச்சி, “பரிச்சைக்கு முந்தி ஏழு நாளு புள்ள வாசப்படி தாண்டப்படாது. தாண்டுனா காலு எனக்கு”ன்னுட்டாரு.

காலு எனக்குன்னா என்ன அர்த்தம்? டாக்டர்ட்ட சண்டை போடலாம், டீச்சர்ட்ட சண்டை போடலாம். மாடன்ட்ட போட முடியுமா? ரெண்டு சுருட்டு வாங்கி வச்சி, தப்புக்குக் கன்னத்துல போட்டுட்டு வந்தேன். செவ்வாயும் புதனும் பழையபடி பின்கட்டு அறை. கடைசி ஏழு நாளு புள்ள வாசலுக்கே வரல. நான் வீட்டுக்கும் மில்லுக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சிட்டு. அஞ்சு மாச உழைப்பு அவ காலுல இருந்து வடிஞ்சி போகுதே!

ஒரு விசயந்தான் எனக்குப் பிடிபடல. டீச்சர் காகிதத்துலயும் கடைசியில ஏழு கட்டந்தான் காலி. வேதக்கார டீச்சருக்கு மாடன் கணக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? பூரணத்துட்ட சொன்னேன். “சாமி எல்லாம் ஒண்ணுதாங்க”ன்னா. சரின்னுட்டேன்.

பரிச்ச அன்னைக்கு நான் மதிலுக்கு வெளிய நிக்கேன். உள்ள விட மாட்டாங்க. வெயிலுன்னா வெயிலு. ரெண்டு புள்ளைக மயங்கி விழுந்துட்டுன்னு தூக்கிட்டு வாராங்க. ஒவ்வொரு தடவையும் நம்ம புள்ளதானோன்னு எட்டிப் பாக்கேன். மத்தியானம் ஆவுடை வெளிய வாரா. நடந்து வாரா அண்ணாச்சி. சிரிச்சிக்கிட்டு, நல்லா ஊனி நடந்து. எல்லாத்துலயும் முழு மார்க்கு. எனக்கு அழுகை வந்துட்டு, திரும்பி நின்னுக்கிட்டேன். கூட வந்திருந்த பூரணமும் ஸ்டெல்லா டீச்சரும் கட்டிப் பிடிச்சி அழுதாளுவ. சொரிமுத்து பயல் எதுக்கோ அவனும் அழுதான். எனக்குக் கை குடுக்கத்தான் ஒரு ஆளும் இல்ல.

பள்ளிக்கூடத்துல பாராட்டு வச்சாங்க. மைக்கப் பிடிச்சி ஆவுடை சொல்லுதா, “என் அம்மாவுக்கும், ஸ்டெல்லா டீச்சருக்கும், சொரிமுத்து மாமாவுக்கும் நன்றி. எங்க அப்பா தினமும் என்னய காலையில எழுப்பி விட்டாவ”ன்னு. எழுப்பி விட்டாவளாம்! சேவல் கூடத்தான் எழுப்பி விடும். ரெஸ்டே இல்லாம ஓட வச்சவன் நானு, அருள் வந்து ஆடுனவனுக்கு நன்றி. மனசுல வச்சிக்கிட்டேன், வெளிய சொல்லல. உங்ககிட்டதான் சொல்லுதேன்.

கழுகுமலை தாண்டிட்டு போலுக்கு.

இப்ப எதுக்குப் போறேன்னா, போன வாரம் போன் பண்ணுனா. அங்க ட்ரெய்னிங் பெண்டு நிமித்துதாம். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் ரெஸ்ட்டாம். எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. இங்க மாசம் எட்டு நாளு காலத் தூக்கி வச்சிக் கெடந்த புள்ள, அங்க நாலு நாள வச்சி என்ன செய்வா? கூச்சப்பட்டுக்கிட்டு மேலதிகாரிட்ட சொல்லாம மறைக்கா போல. பூரணத்துட்ட சொன்னா, “அங்க எல்லாம் சரியாயிரும், நீங்க மில்லப் பாருங்க”ங்கா. தாய்க்காரி பேசுற பேச்சா? அதான் மதுரையில மெஷினுக்கு பெல்ட் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.

அதிகாரி அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன். இந்தா, படிச்சிப் பாருங்க, எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க. ‘மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு. என் மகள் ஆவுடைச்செல்விக்கு மாதம் நான்கு முறை, ஒவ்வொரு செவ்வாயும் புதனும், வீட்டு விலக்கு வருவதால்…’ மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். களியும் கொண்டு போறேன். பூரணத்துக்குத் தெரியாம மில்லுலயே உளுந்து திரிச்சி, ஸ்டவ்வுல நானே கிண்டுனேன். லேசா அடிப்பிடிச்சிட்டு.

என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி பாக்கிய?

உங்க மகளா? ஹாக்கியா? கோவில்பட்டியில ஹாக்கி பிரசித்தம்லா, கேள்விப்பட்டிருக்கேன். எத்தன வருசமா ஆடுதா? எட்டு வருசமா. தினமும் ஓடுவாளா. சரி.

அவளுக்கு மாசம் ஒண்ணுதானா?

நல்லாத் தெரியுமா? வீட்டுல பொம்பளைங்க ஆயிரம் சொல்லுவாளுவ… ஓ, நீங்கதான் கடையில போயி அந்தப் பஞ்சு பாக்கெட்ட வாங்கிட்டு வருவியளா. நீங்களேவா. மாசா மாசம். சரி. அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஓடுனாலும் ஒண்ணுதானா.

இருங்க. செத்த நேரம் பேசாதீங்க.

செவ்வாக்கெழம… அந்தக் காகிதத்துலயும் செவ்வாயும் புதனுந்தான் காலி. நான் பாத்தேன். என் கையில வச்சிப் பாத்தேன். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில. காய்ச்சல்காரன் மறுநா துள்ளுதான். சவம்னு சொன்னது மாடன் இல்ல, அவந்தான், நான் கேட்டுக்கிட்டே இருந்ததுல எரிச்சல் தாங்காமச் சொல்லிட்டான். எல்லாருமாச் சேந்து… என்னய வீட்டுக்கு வெளிய நிக்க வச்சிட்டாளுவ அண்ணாச்சி. நல்லதுக்குத்தான். தெரியுது. இந்த லெட்டரக் கொண்டு போயிக் குடுத்திருந்தா, புள்ளைக்கு என்னமோ சீக்குன்னு வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பாவ. என் கையாலயே.

அது போவட்டும். அவ தப்பிச்சிட்டா. அவளுக்குத் தாய் இருந்தா, டீச்சர் இருந்தாவ, மாடன் இருந்தாரு.

கணபதியும் சொன்னான் அண்ணாச்சி. “அப்பா, வலிக்கு”ன்னு அவனுஞ்சொன்னான். வலின்னா வேலை செய்யுதுன்னு அவனுக்கும் அதத்தான் சொன்னேன். அதுக்குப் பொறவு அவன் வாயத் தெறக்கல. பதினோரு நாளு ஓடுனான். டாக்டரு சொன்னாரு, கீறல் விழுந்து பதினோரு நாளாவது இருக்கும்னு. நான் டி.வி.எஸ்ஸில பின்னாலதான் வந்தேன், விளக்கு வெளிச்சத்த அவன் காலுலதான் அடிச்சிக்கிட்டு வந்தேன். அவன் ஆம்பளப் புள்ள. என்னத்தச் சொல்லி வீட்டுக்குள்ள இருப்பான்? அவனுக்கு ஒரு நாளு கூடக் கெடையாதே.

இந்த லெட்டரக் கிழிச்சிப் போட்டுருங்க அண்ணாச்சி. பூரணத்துட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிட மாட்டேன்.

ஆம்பளப் புள்ளைகளும் உளுந்தங்களி திங்கலாம்லா? எலும்புக்குத்தான அது?

கோவில்பட்டியில இருந்து திருப்பூருக்கு நேரா வண்டி உண்டுமா? உண்டுமா, சரி. அந்தக் கம்பிய விட்டுக் கொஞ்சம் நவுருங்க, நானும் உங்க கூடவே எறங்கிக்கிடுதேன்.